மொட்டை மாடிக்கு மேல் ஒரு கேமரா

கல்யாண மண்டபத்துக்கு மேல் ட்ரோன் ரீங்கரிக்கத் தொடங்கியதும், பக்கத்து மாடியில் துணி காயப்போடுபவருக்கு ஒரே கேள்விதான்: "நம்ம வீட்டையும் சேர்த்து எடுக்குறானா?" இதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

பெரும்பாலான சிறிய ட்ரோன்களில் இருப்பது 24 மி.மீ.க்கு இணையான அகலக் கோண லென்ஸ். எவ்வளவு தூரமோ, அதைப் போல ஒன்றரை மடங்கு அகலம் ஃப்ரேமில் விழும். 120 மீட்டரில் 180 மீட்டர் அகலம். 4கே வீடியோவின் 3840 பிக்சலால் அதை வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 4.7 செ.மீ. முகம் 15 செ.மீ. என்றால் மூன்று பிக்சல். அம்மாவா அத்தையா என்றுகூடத் தெரியாது. 10 மீட்டருக்கு இறங்கினால் அதே முகத்துக்கு 38 பிக்சல், தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் 166 மி.மீ. டெலி லென்ஸ் உள்ள ட்ரோன் 120 மீட்டரிலிருந்தே 22 பிக்சல் எடுக்கும். "ரொம்ப உயரத்துலதானே இருக்கு" என்ற சமாதானம் அங்கே செல்லாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2021 ஆகஸ்ட் 25இல் வந்த ட்ரோன் விதிகள் முக்கியமாகப் பார்ப்பது எடையையும் இடத்தையும். 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. விமான நிலைய எல்லையிலிருந்து 5 முதல் 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம். 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் மஞ்சள்; மற்ற பச்சைப் பகுதிகளில் (அனுமதி தேவைப்படாதவை) 400 அடிக்கு மேல். மஞ்சளில் பறக்க வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். தலைவர்கள் வருகையின்போது 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமும் (ட்ரோன் பறக்கத் தடையுள்ள இடம்) அறிவிக்கலாம். அதே ஆண்டு மார்ச்சில் வந்த விதிகளில் தனியுரிமை பற்றி ஒரு வரி இருந்தது. ஆகஸ்டில் அது காணாமல் போனது.

மிச்சம் இருப்பவை ஓட்டை வலை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவு அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதற்கு மட்டும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, பெண்ணின் அந்தரங்கச் செயலை ஒளிந்து பார்ப்பதற்கு. மாடியில் வடகம் காயவைக்கும் ஒருவரை யாரோ பொழுதுபோக்காகப் படமெடுத்தால் இரண்டிலும் அகப்படமாட்டார். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொந்த உபயோகத்துக்கு விலக்கு தருகிறது.

ஆகவே பொறுப்பு பெரும்பாலும் ரிமோட்டைப் பிடித்திருப்பவர் கையில். பலர் சறுக்குவது 'ரிட்டர்ன் டு ஹோம்' விஷயத்தில். கட்டடம் மறைத்து சிக்னல் போனால் ட்ரோன் தானாக எழும்பி, கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் வரும், ஊரார் மாடிகளைப் படம் பிடித்துக்கொண்டே. எழும்பும் உயரத்தை, அக்கம்பக்கத்தில் எது உயரமோ (செல்போன் டவர், தென்னை) அதைவிட 15 மீட்டராவது கூடுதலாக வைக்கவும். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் நகர்ந்துகொண்டே ஓட்டுகிறீர்களா? ஹோம் பாயிண்ட் (திரும்பவேண்டிய இடமாக ட்ரோன் பதிந்துவைத்தது) கிளம்பிய கோயில் வாசலிலேயே நிற்கும். அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் ட்ரோன் அங்கேதான் போய் இறங்கும். கம்பி நிறைந்த கான்கிரீட் தளத்தில் வைத்துக் கிளப்பினால் திசைமானி குழம்பும்.

எடையிலும் ஒரு பொறி. டிஜேஐ மினி 3 ப்ரோ 249 கிராம். பெரிய பேட்டரியைப் போட்டால் சுமார் 290. அந்தக் கணமே மைக்ரோ. கூலிக்குப் படமெடுப்பவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமாகிவிடும். "ஆப் பறக்க விடுதே" என்பதும் அனுமதி ஆகாது. அது ட்ரோன் தயாரித்த கம்பெனியின் வரைபடம். பார்க்கவேண்டியது அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடம்.

ஒரு சின்ன உபாயம்: மேலே ஏறும்வரை கிம்பலை (கேமராவைத் திருப்பும் தாங்கி) நேராகக் கீழ்நோக்கி வையுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் பெரும்பாலும் ஃப்ரேமுக்குள் வராது.

கீழே நிற்பவருக்கும் ஒன்று. 2025இல் மேற்கு உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ட்ரோன் திருடர் வதந்தி கிளம்பி, சந்தேகத்தில் ஆட்களை அடித்தார்கள். கல்லெறிந்தால் விழும் லித்தியம் பேட்டரி பற்றியெரியும், வழக்கும் உங்கள் மேல் வரும். பேட்டரி பொதுவாக அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம்தான் தாங்கும். நேரத்தையும் ட்ரோன் திரும்பும் திசையையும் குறித்துக்கொண்டு 112ஐ அழையுங்கள். ஓட்டுகிறவர் அநேகமாக ஓரிரு தெரு தள்ளி, தலை குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.