குருவாயூருக்கு மூணு வழி

குருவாயூர் போய்விட்டு வந்து இரண்டு நாள் ஆகிறது, என் இடுப்பு இன்னும் வேனிலிருந்து இறங்கவில்லை. அண்ணன் பிள்ளைக்குச் சோறூட்டு. பிள்ளை மூன்று வாய் வாங்கியது, நாலாவது வாயைத் துப்பியது, அழுதது, முடிந்தது. ஐந்து நிமிஷ சோலி. அதற்கு எந்த வழியாகப் போவது என்று எங்கள் வீட்டில் பேசி முடிக்க எட்டு நாள் ஆயிற்று.

அப்பாவைத்தான் தெரியுமே. தினசரி காலண்டரில் கிழித்த தாளைக்கூடத் தூரப் போடாத மனுஷன். நாலு தாளைத் திருப்பிவைத்துப் பின் குத்தி, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, வழி 1, வழி 2, வழி 3 என்று தலைப்புப் போட்டு, அதற்குக் கீழே ஊர், கிலோமீட்டர், டோல்கேட், டீ, ஒண்ணுக்கு என்று ஐந்து பத்தி. கடைசிப் பத்திதான் மற்ற நாலையும்விட முக்கியம் என்பது அறுபது வயதுக்கு மேல் வந்த ஞானம்.

வழி ஒன்று, எங்கள் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை, புளியரை ஏறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை; அங்கே எம்.சி. ரோட்டைப் பிடித்தால் கோட்டயம், அங்கமாலி, அப்படியே திருச்சூர். வழி இரண்டு நாகர்கோவில், திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை என்று கடலோரமாகவே போவது. மூன்றாவது அண்ணனுடையது. மதுரை, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி போய், மலையே ஏறாமல் பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து, குதிரான் சுரங்கப்பாதை வழியாகத் திருச்சூரில் தலை காட்டலாமாம். முதல் வழியைவிட நூறு கிலோமீட்டர் கூட.

"ரோடு நல்லா இருக்கும்ப்பா, அழுத்துனா போதும்."

"அழுத்துறது நீ, அழுவுறது நானால? சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர். மதுரையைத் தாண்டு முன்னாடியே மூணு டோல்கேட்."

வழி மூன்று அன்றைக்கே காலி.

மதினி ஒருத்திதான் உருப்படியாகச் சொன்னாள். பாலருவி ரயிலில் ராத்திரி நம்ம ஜங்ஷனில் ஏறிப் படுத்தால் காலையில் திருச்சூர், எதுக்கு இந்தப் பாடு என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஆச்சி ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் மேற்கே போகிற பேச்சு எடுத்தாலே அவளுக்குச் செங்கோட்டை ஞாபகம் வந்துவிடும். "அப்பல்லாம் செங்கோட்டை நம்ம ஊராடே? திருவிதாங்கூருல்லா. எனக்குப் பதினாலு வயசுலதான் மதராஸோட சேத்தான்." 1956 நவம்பர் 1 அன்று சேர்த்தார்கள், ஆச்சிக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. தென்காசி தாண்டினால் ஆதார் கார்டைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வாள்.

நான் மொபைலில் மேப்பைப் போட்டுக் காட்டினேன். அதுவும் தென்காசி வழியைத்தான் நீலக்கோடு போட்டது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுல பேசுதாள்லா ஒரு பொம்பள, அவ என்னைக்காவது புளியரை ஏறியிருக்காளா? கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் ஏத்திக்கிட்டுப் போற லாரி ஒண்ணு முன்னால மாட்டுச்சுன்னு வை, ஆரியங்காவு ஐயனைப் பாக்கதுக்குள்ள சபரிமலை நடையே சாத்திருவான்."

லாரி விஷயம் நிஜம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்பாவுக்குத் தென்காசி வழி ஆகாது என்பதற்குக் காரணம் லாரி இல்லை, பாவூர்சத்திரம். அந்த ஊர் வழியாகப் போனால் சித்தி வீட்டில் இறங்காமல் போகமுடியாது. அண்ணன் கல்யாணத்து மறுவீட்டுப் பந்தியில், அப்பா நேரில் நின்று வைக்கச்சொன்ன தேங்காய்ப்பால் சொதியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சொதியா இது, பால் ஊத்துன வெந்நி" என்று நாலு பந்திக்குக் கேட்கச் சொன்னவள் சித்தி. மூன்று வருஷமாகப் பேச்சில்லை. அம்மா மட்டும் மத்தியானம் மாடியில் துணி காயப்போடப் போகிற சாக்கில் மொபைலைக் கொண்டுபோவாள். இரண்டு துண்டு காயப்போட முக்கால் மணி நேரம் ஆகும்.

எட்டாம் நாள் ராத்திரி அப்பா வழி இரண்டுக்கு டிக் அடித்துவிட்டார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "நல்லதாப் போச்சு. நாகர்கோவில் வழின்னா உங்க தங்கச்சி வீட்டுல ஏறிட்டுத்தான் போவணும். அவியளும் அந்த இடம் விஷயமா உங்ககிட்டப் பேசணும்னு எத்தனை நாளா சொல்லுதாவ."

அப்பா டிக்கைப் பார்த்தார். காலண்டர் தாளைப் பார்த்தார். ரப்பர் கேட்டார். பேனாவால் அடித்த டிக்.

வேனில் பன்னிரண்டு சீட், நாங்கள் பதினோரு பேர். மாமா பையன் நானும் வாரேன் அத்தை, பிரானூர் பார்டர்ல பரோட்டாவுக்கு நிறுத்துவீங்களா என்று கண் மின்னக் கேட்டான். சாமிக்குப் போற வண்டியில என்னல பரோட்டா என்று அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த சீட்டுல சாமான் வைக்கணும் என்றாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பின்னால் டிக்கி காலியாகக் கிடந்தது.

காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். டிரைவர் அண்ணாச்சி இந்த எட்டு நாள் யுத்தத்திலும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னவர், "எந்த வழி போனாலும் எனக்குக் கிலோமீட்டர் கணக்குதான்." ஆலங்குளம் தாண்டி, பாவூர்சத்திரத்தில் ஒரு டீக்கடை லைட்டுக்கு நேராக, ஒரு அடி முன்னே பின்னே இல்லாமல், வண்டியை நிறுத்தினார். கதவுக்கு நேரே சித்தி. தலை நிறையப் பிச்சி, ஒரு கையில் கட்டைப்பை, ஒரு கையில் தூக்குவாளி.

"வாங்க அத்தான்."

"எங்க கிளம்பிட்டிய, இந்நேரத்துல?"

"உங்ககூடத்தான்."

ஏறி, சாமான் வைக்கிற சீட்டில் உட்கார்ந்தாள். அம்மா ஜன்னல் வழியாகத் தென்காசி ரோட்டையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இருட்டில் பார்க்க ஒன்றும் கிடையாது.

புளியரை வளைவில் அப்பா சொன்னது போலவே லாரி. ஒன்றல்ல, ஏழு. நான் சொன்னேனே என்று முன்சீட்டிலிருந்து திரும்பி எங்களை ஒரு வாங்கு வாங்குவார் என்று பார்த்தால், ஆளிடம் சத்தமே இல்லை. ஆரியங்காவு தாண்டி, ரோட்டை ஒட்டியே பதின்மூன்று கண் பாலம் வந்தது. 1904-இல் ரயில் விட்ட பாதை, கருங்கல் தூண், எல்லோரும் மொபைலைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் வலது பக்கம் என்று சாய்கிறோம். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மலை ரோடு புரட்டும் என்று பெற்ற பிள்ளைகள் எங்களுக்கே தெரியாது. எந்த வண்டியானாலும் முன்சீட்டுக்கு அடம்பிடித்தது கௌரவத்துக்கு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தோம். கல்யாணமான புதுசில் ஆரியங்காவு பஸ்ஸில் கூடப் போன சித்திக்குத் தெரிந்திருக்கிறது. கட்டைப்பையைத் துழாவி, நகத்தால் தோலைக் கீறிய எலுமிச்சம்பழம் ஒன்றைப் பின்னாலிருந்து நீட்டினாள். புளியங்குடிப் பழம், வண்டி முழுக்க மணத்தது. அப்பா திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டார். புனலூர் வரை அது மூக்கை விட்டு இறங்கவில்லை.

புனலூரில் தொங்கு பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினோம். 1877-இல் கட்டிய பாலம், சங்கிலியில் இன்னும் நிற்கிறது என்று நான் படித்ததைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் சித்தி தூக்குவாளியைத் திறந்துவிட்டாள். கட்டைப்பைக்குள் வாழை இலையில் சுற்றிய இடியாப்பம். வாளியில் சொதி. கரண்டியை விட்டால் அப்படியே நிற்கிற கெட்டிச் சொதி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து எத்தனை தேங்காய் துருவினாளோ.

யாரும் பேசவில்லை. அம்மா பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள், அது தூங்கி அரைமணி நேரம் ஆகியிருந்தது. அப்பா இலையை மடியில் வைத்து, இடியாப்பத்தைப் பிட்டு, சொதியில் நன்றாகப் புரட்டி, ஒரு வாய் சாப்பிட்டார். ஆற்றைப் பார்த்தார். இன்னொரு வாய்.

"உப்பு ஒரு கல்லு கம்மி."

சித்தி பதில் பேசாமல் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.