புளியங்கொட்டைத் தழும்பு

பருக்கள் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியும் தாடையோரத்தில் இரண்டு, நெஞ்சில் ஒன்று எனத் தழும்புகள் மேடாகவே இருந்தன. நெஞ்சில் இருந்தது புளியங்கொட்டை அளவு. அதே பளபளப்பு, அதே கெட்டி. சங்கிலி உரசினால் அரிக்கும், வியர்த்தால் சுருக்கென்று குத்தும். அம்மா சொன்னார் என்று எலுமிச்சைச் சாறு தடவினேன். தோல் எரிந்து கறுத்ததுதான் மிச்சம்.

முதலில் போனது ஓர் அழகுச் சிகிச்சை மையத்துக்கு. “வெட்டி எடுத்துவிடலாம், பத்து நிமிட வேலை” என்றார்கள். முன்பணம் கட்டுவதற்குள் யாரோ தடுத்ததுபோல் ஒரு தயக்கம். தோல் மருத்துவரிடம் போனேன்.

அவர் தழும்பை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, “பரு இவ்வளவு பெரிதாகவா இருந்தது?” என்று கேட்டார். இல்லை, மிளகளவுதான். பரு இருந்த இடத்துக்குள்ளேயே தடித்து நின்றால் அது ஒரு வகை, எல்லை தாண்டிப் படர்ந்தால் கீலாய்டு என்றார். தாடையில் இருந்தவை முதல் வகை, நெஞ்சில் இருந்தது கீலாய்டு. கீலாய்டை வெட்டுவதோடு விட்டுவிட்டால் பாதிப் பேருக்காவது திரும்ப வளரும், சிலருக்கு முன்பைவிடப் பெரிதாக. வெட்டும் ஒரு காயம்தானே! குழித் தழும்பில் தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் குறைவு, இதில் மிகுதி. அதனால் குழிக்கு விற்கும் கிரீம்களுக்கு இங்கே வேலையில்லை.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, தழும்புக்குள்ளேயே. முகத்துக்கு மில்லிக்கு 10 மில்லிகிராம், நெஞ்சுக்கு 40. ஊசி மெல்லியதுதான், ஆனால் கெட்டித் தழும்பு மருந்தை உள்ளே விடாது. மருத்துவர் கட்டைவிரலால் அழுத்த அழுத்த, தழும்பு மெல்ல வெளுத்துக்கொண்டே போகும். அந்தச் சில விநாடிகளில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். திரவ நைட்ரஜனால் உறைய வைக்கும் முறையைப் பற்றியும் கேட்டேன். நம் நிறத்தில் வெள்ளைத் திட்டு விழலாம், முகத்தில் வேண்டாம் என்றுவிட்டார்.

நெஞ்சுத் தழும்பு அசையாததால், மூன்றாவது தடவையிலிருந்து ஃபுளூரோயூராசிலும் கலந்தார். புற்றுநோய்க்குத் தரும் மருந்து என்று கேட்டதும் வயிறு கலங்கியது. கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே போட்டார்.

இடையில் ஒரு மாதம் மாதவிடாய் தள்ளிப்போனது. தாடையில் ஓரிடம் லேசாகக் குழிந்து வெளிறியது. இரண்டுமே ஸ்டீராய்டின் வேலை. தாடைக்கு அத்தோடு ஊசியை நிறுத்தினார். இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஊசியோடு, தழும்பின் மேல் ஒட்டும் சிலிகான் பட்டையும் உண்டு. அதை ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் அது வழுக்கிக்கொண்டு போய்விடும்! பகலில் சிலிகான் ஜெல், இரவில் பட்டை என்று மாற்றிக்கொண்டேன். கழுவிக் கழுவி ஒரே பட்டையைப் பல நாள் ஒட்டலாம்.

எட்டு மாதத்தில் தாடை சமமாகிவிட்டது, நிறம் மட்டும் வேறு. நெஞ்சில் முக்கால்வாசி அமுங்கியிருந்தது. போன மாதம் அதன் ஓரம் மறுபடி அரித்தது. எலுமிச்சம்பழத்தைத் தேடாமல் நேராக ஊசிக்குப் போய்விட்டேன். சங்கிலி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.