பாட்டுக்குப் பார்த்தவனும் மற்றதுக்குப் பார்த்தவனும்

நேற்றிரவு கல்லடிப் பாலத்தடியில் எங்கள் பாண்ட் பெடியன்களோடு ஒரு படத்தை வைத்து ஒரே சண்டை. மைக்கேல் வின்டர்பொட்டம் 2004இல் எடுத்த ‘நைன் சோங்ஸ்’. சின்னப் படக்குழு, டிஜிட்டல் கமெரா, 70 நிமிடத்தை ஒட்டிய நீளம். ஒரு சோடி லண்டனில் ரொக் கச்சேரிகளுக்குப் போவதும் கட்டிலுக்குத் திரும்புவதும்தான் கதை. கட்டில் காட்சிகள் பாவனை இல்லை, நிஜம். அப்படியிருந்தும் பிரித்தானியத் தணிக்கையில் ஒன்றையும் வெட்டாமல் 18 சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்.

“நீலப்படம்தான் மச்சான், பாட்டைச் சாட்டுக்குப் போட்டிருக்கிறான்” என்றான் டிரம்ஸ்காரன். கீபோர்ட் அண்ணன் பாதியில் தூங்கிவிட்டாராம். சரி, அதுவும் ஒரு விமர்சனம்தானே.

எனக்குப் பிடித்தது மேடைக் காட்சிகள். பிரைமல் ஸ்கிரீம், ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் என்று நிஜ பாண்டுகள், நிஜக் கூட்டம். கமெரா சனத்துக்குள்ளேயே நிற்கிறது. கோயில் திருவிழாவில் பின்னுக்கு நின்று, ஆட்களின் தலைகளுக்கு மேலால் எட்டிப் பார்த்த எவனுக்கும் அந்தக் கோணம் புரியும். மற்றப் படங்களில் கிற்றாரில் வயரே இருக்காது, சத்தம் மட்டும் காதைக் கிழிக்கும். இதில் அந்தப் பொய் இல்லை. ஆனால் அந்தச் சோடி என்ன பேசினார்கள், ஏன் பிரிந்தார்கள் என்பது மனதில் ஒட்டவேயில்லை. அவன் அந்தார்டிக்காப் பனியை ஆராய்பவன் என்பது மட்டும் ஞாபகம்.

டிரம்ஸ்காரன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இன்று காலை வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: “அந்த முதல் பாட்டு ஆர்ரடா?”