பெரியப்பாவுக்கு ஒரு நாடகக் கொட்டகை

அக்டோபர் 12, ஞாயிறு

இருபத்தாறாம் தேதி பெரியப்பாவுக்கு எண்பது நிறைகிறது. வேட்டி சட்டை அண்ணன் பொறுப்பு. நான் கையாலேயே ஒரு வாழ்த்து அட்டை செய்யப்போகிறேன். திறந்தவுடன் அந்தக் காலத்து நாடக மேடை எழுந்து நிற்கவேண்டும். கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கத்துத் திருவிழாக்களில் இரவெல்லாம் ஆர்மோனியம் வாசித்தவருக்கு வேறு எதைக் கொடுப்பது?

பழைய நாடகக் கம்பெனி மேடையில் உருண்டு திரண்ட பொருள் அதிகம் கிடையாது. பின்னால் காட்சி எழுதிய திரையான வர்ணப் படுதா, இரண்டு பக்கமும் சைடு விங், மேலே குறுக்காகத் தொங்கும் ஜாலர், முன்னால் வளைவுச் சட்டம், எல்லாமே தட்டை. ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி வைப்பதில்தான் ஆழம் வந்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்சி கம்பெனிகள் ஊர் ஊராகக் கொண்டு வந்து காட்டிய முறை இது. அதற்கு முன் நம் கூத்தில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளும் ஒரு திரை போதும். மடித்து எழுப்பும் அட்டையும் இதே வித்தையில்தான் நிற்கிறது. அதனால் இந்த மேடையைக் காகிதத்தில் செய்தாலும் மேடையாகவே இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை.

அக்டோபர் 14, செவ்வாய்

சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்கக் குறுவை நெல் காய்கிறது, ஓரமாக நடந்துதான் போகவேண்டியிருந்தது. அட்டையைப் பற்றி மூச்சு விடாமல், படுதாக்களை எப்படிக் கட்டுவார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"முன்னால தெருப் படுதாம்மா. பபூன் அதுக்கு முன்னாடி நின்னு சனங்களைச் சிரிக்க வச்சிக்கிட்டிருப்பான். அதுக்குள்ள பின்னால தர்பாரோ காடோ ரெடி பண்ணிடுவாங்க. படுதா மேல ஏறுச்சுன்னா ராஜா உட்கார்ந்திருப்பாரு."

அப்புறம் பேச்சு கும்பகோணம் பாலாமணி அம்மாளுக்குப் போனது. முழுக்கப் பெண்களே நடித்த கம்பெனி. பார்க்க வந்த கூட்டத்தால் அவர்கள் ஏறி வந்த ரயிலுக்கே பாலாமணி ஸ்பெஷல் என்று பெயர் வந்ததாம். பெரியப்பா பிறப்பதற்கு வெகு காலம் முந்திய கதை, ஆனால் கொட்டகை வாசலில் நின்று பார்த்தவர் மாதிரிச் சொல்கிறார்.

அக்டோபர் 16, வியாழன்

இன்று அளவு வேலை. அழகு பிறகு வரட்டும், முதலில் வெறும் வெள்ளைத் தாளில் மாதிரி வெட்டினேன்.

அட்டை தொண்ணூறு டிகிரி திறந்து நிற்கும். ஒரு பக்கம் தரை, ஒரு பக்கம் பின்சுவர். நடுவில் நிற்கும் ஒவ்வொரு அடுக்கையும் அடியில் தரையோடு ஒட்டி, மேலே ஒரு பட்டையால் பின்சுவரோடு இணைக்கவேண்டும். தரையும் பின்சுவரும் சேரும் முதுகு மடிப்பிலிருந்து அடுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறதோ, பட்டையும் அதே நீளம். அப்போதுதான் அட்டையை மூடும்போது மூலை சிக்காமல் படுத்துக்கொள்ளும்.

முக்கியமான கணக்கு இன்னொன்று. மூடும்போது அடுக்கின் தலை வெளியே தள்ளும். தூரத்தையும் உயரத்தையும் கூட்டினால் அட்டையின் நீளத்துக்குள் அடங்கவேண்டும். என் அட்டை 20 செ.மீ. முன்சட்டம் 6 செ.மீ. தூரத்தில் 13 செ.மீ. உயரம், ஆக 19. இதைவிட முன்னால் நகர்த்தினால் சட்டத்தைக் குட்டையாக்கவேண்டும். குட்டையான சட்டம் மேடைக்கு லட்சணமே இல்லை. அதனால் மேடையை ஆழம் குறைவாக வைத்துக்கொண்டேன். அந்தக் கீற்றுக் கொட்டகை மேடைகளுக்கும் ஆழம் பெரிதாக இருந்ததில்லையே. சட்டத்துக்கு முன்னால் 14 செ.மீ. தரை மிச்சம். ஜனங்கள் உட்காரும் இடம் அது.

அக்டோபர் 18, சனி

ஐப்பசி பிறந்ததும் மழையும் வந்துவிட்டது. ஈரக் காற்றில் சார்ட் பேப்பர் தொய்கிறது, மேடைக்கு ஆகாது. பரணில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டையை எடுத்துக்கொண்டேன். மை தீர்ந்த ரீஃபிலால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டால் மடிப்பு கத்தியாக வருகிறது. காகிதத்துக்கும் நார் ஓடும் திசை உண்டு. அதையொட்டி மடித்தால் சுத்தமாக மடியும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். பசையைத் தொட்டுத் தடவினால் போதும், அதிகமானால் அட்டை நெளியும்.

அக்டோபர் 19, ஞாயிறு

தம்பி மகள் வந்தாள். "அத்தை, நான் வீடெல்லாம் வரையறேன்" என்று தெருப் படுதாவை வாங்கிக்கொண்டாள். இரண்டு பக்கமும் மாடி வீடுகள், நடுவில் சுருங்கிக்கொண்டே போகும் தெரு. அந்தச் சுருக்கம்தான் பழைய படுதாவின் உயிர். காலண்டர் ஓவியராகப் பெயரெடுத்த கொண்டையராஜுவும் முதலில் நாடகத்துக்குப் படுதா எழுதியவர்தான். அவருடைய சாமி படங்களில் தூணும் திரையும் நிற்பதைப் பார்த்தாலே மேடை தெரியும்.

நான் எழுதியது காட்டுப் படுதா. பெரியப்பா அதிகம் வாசித்தது சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணத்துக்குத்தான். ஆகவே தினைப்புனம், பரண், அதன்மேல் கவணோடு வள்ளி. பரணை 3 செ.மீ. தூரத்தில் 7 செ.மீ. உயரமாகத் தனியே நிறுத்தினேன். தெருப் படுதாவை ஒட்டவில்லை. சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு கீறல், அதில் செருகியிருக்கிறது. மேலே உருவினால் பின்னால் காடும் வள்ளியும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கத்தரிக்கோலைத் தொடவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

ஆர்மோனியம். இந்த அட்டை முழுவதும் இதற்காகத்தான்.

மேடைக்கு முன்னால் ஓரமாக 3 செ.மீ. உயரப் பெட்டி, சட்டத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி. கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை எல்லாம் ஜெல் பேனாவில். துருத்தி அசையவேண்டும் என்று ஆசை. பெட்டியின் தலையையும் சட்டத்தையும் நேராக இணைத்தால் இடைவெளி திறந்தாலும் மூடினாலும் மாறாது. அதனால் மெல்லிய தாளை விசிறிபோல மடித்து, ஒரு முனையைப் பெட்டியின் அடியிலும் மறுமுனையைச் சட்டத்தில் 3 செ.மீ. மேலேயும் சாய்வாக ஒட்டினேன். மூடியிருக்கும்போது இரண்டு முனையும் சேர்ந்துவிடுகின்றன. திறக்கத் திறக்க விலகி நாலு சென்டிமீட்டருக்கும் மேல் விரிகிறது. நிஜத் துருத்தியும் சாய்ந்துதானே விரியும்! நேரம் போனது தெரியாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 25, சனி

அட்டையின் வெளிப்பக்கம் ரோஸ் நிற நாடக நோட்டீஸ். "இன்றிரவு 10 மணிக்கு", "ஆர்மோனியச் சக்கரவர்த்தி" என்று பட்டத்தோடு பெரியப்பா பெயர், கீழே தரை, பெஞ்சு, சேர் என்று டிக்கெட் வகை. சேரில் பெரியம்மா பெயரை எழுதினேன். பல வருஷம் கண் விழித்துக் காத்திருந்தவருக்கு முதல் வரிசைதான் நியாயம்.

அக்டோபர் 26, ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு முடிந்து கொடுத்தேன். நோட்டீஸைச் சத்தமாகப் படித்தார். திறந்தார். துருத்தி விரிந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை மூடித் திறந்தார். தெருப் படுதாவை உருவச் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை.

"வள்ளி நல்லாருக்காம்மா. மிருதங்கம் எங்க? அவரு இல்லாம நான் எந்த ஊர்ல வாசிச்சேன்?"

பெரியம்மா உடனே காலி ஸ்வீட் டப்பாவை எடுத்து நீட்டினார். பெட்டிக்குப் பக்கத்திலேயே அதே 3 செ.மீ. கணக்கில் படிக்கட்டு மாதிரி ஒரு மடிப்பு. கிளம்புவதற்குள் மிருதங்கக்காரரும் வந்து உட்கார்ந்துவிட்டார்.