மானிடவியல் முதுகலை: வகுப்பறையிலிருந்து இருளர் குடியிருப்பு வரை

விலங்கியலில் இளங்கலை முடித்த பிறகு மானிடவியல் முதுகலையில் சேர்ந்தேன். தமிழ்நாட்டில் இப்பாடத்தை இளங்கலையிலேயே படித்துவிட்டு வருபவர்கள் குறைவு என்பதால், எங்கள் வகுப்பில் வரலாறு, தாவரவியல், பொறியியல், தமிழ் இலக்கியம் எனப் பல துறைகளிலிருந்து வந்தவர்கள் இருந்தோம். சிலர் குடிமைப் பணித் தேர்வில் மானிடவியலை விருப்பப் பாடமாக எழுதும் எண்ணத்துடனே சேர்ந்திருந்தார்கள். தலா 250 மதிப்பெண் கொண்ட அந்த இரண்டு தாள்களுக்கும் முதுகலைப் பாடத்திட்டத்துக்கும் பெருமளவு ஒற்றுமை உண்டு. ஆகவே அவர்களின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் தேர்வுக்குப் படிப்பதும் துறையைக் கற்பதும் களப்பணியில்தான் பிரிகின்றன. சேர நினைப்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது அதைத்தான் என்று நினைப்பதால், இங்கே அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் சமூகப் பண்பாட்டு மானிடவியல், உடல்சார் மானிடவியல், தொல்லியல், மொழியியல் என நான்கு கிளைகளையும் தொட்டுச் சென்றோம். தொல்லியல் பகுதிக்காக எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனபோது, நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டிய கற்கருவிகளைப் பார்த்தோம். 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கல் ஒன்றிலிருந்துதான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்குகிறது. திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியான ஆய்வைப் பற்றிப் பேராசிரியர் அங்கேயே நின்று விளக்கினார். தினமும் மின்சார ரயிலில் கடக்கும் பல்லாவரம் அதன்பின் எங்களுக்குப் பழைய பல்லாவரமாக இருக்கவில்லை.

என் எண்ணத்தை உண்மையில் மாற்றியது உடல்சார் மானிடவியல் செய்முறை வகுப்பு. இரு முனைகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் கேலிப்பர் என்ற கருவியை ஒருவர் தலையில் வைத்து, நெற்றியிலிருந்து பின்மண்டை வரை நீளத்தையும், இரு பக்க எலும்புகளுக்கு இடையே அகலத்தையும் அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கொண்டு தலையை நெடுந்தலை, இடைத்தலை, அகல்தலை என்று வகைப்படுத்த வேண்டும். ஒருவரை ஒருவர் அளந்து ஏட்டில் பதிந்தோம். அடுத்த வாரமே கோட்பாட்டு வகுப்பில், 1885 முதல் 1908 வரை அதே எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இத்தகைய கருவிகளோடுதான் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அளந்தார் என்பதைப் படித்தோம். கே. ரங்காச்சாரியின் துணையுடன் அவர் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. மூக்கின் அளவை வைத்துச் சமூகத்தில் ஒருவரின் இடத்தைச் சொல்லிவிடலாம் என்று ரிஸ்லி போன்ற ஆங்கிலேய அதிகாரிகள் நம்பிய காலம் அது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் குடியேறியவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும், சுமார் 18,000 பேரை, அளந்த மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ், ஒரே தலைமுறைக்குள் தலையின் வடிவம் மாறுவதைக் காட்டி அந்த நம்பிக்கையின் அடித்தளத்தையே அசைத்தார்.

கேலிப்பர் இன்று ஊட்டச்சத்து ஆய்வுக்கும் உடலுக்கேற்ற இருக்கை வடிவமைப்புக்கும் பயன்படுகிறது என்றாலும், அளக்கப்பட்டவர்கள் அந்த ஏழு தொகுதிகளைப் படித்திருக்க வாய்ப்பில்லை என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. நாம் ஒருவரைப் பற்றி எழுதுகிறோம். அந்த எழுத்து நூறு ஆண்டுகள் நிற்கிறது. அதை வைத்து அவருடைய பேரப்பிள்ளைகளைப் பற்றி வேறு யாரோ முடிவெடுக்கிறார்கள். இந்தத் துறையில் கற்க வேண்டியவற்றுள் முதலில் கற்க வேண்டியது இதுதான் என்பது என் துணிபு.

வாசிப்பு கடினமாகவே இருந்தது. நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்ததால், தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் பருவத்தில் திணறினார்கள். மாலை நேரங்களில் நாலைந்து பேர் கூடி, ஆளுக்கொரு இயலைப் படித்துவந்து தமிழில் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் செய்த ஆய்வைப் படித்தபோது, அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் தம் பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்தார். ஒத்துப்போனவற்றைவிட, பாட்டி மறுத்தவைதான் எங்களுக்கு நல்ல விவாதத்தைக் கொடுத்தன. மாணவர்கள் ஆசிரியரின் குறிப்பை மட்டும் நம்பாமல் இப்படிக் கூடிப் படிப்பது மிகவும் பயன்தரும்.

களத்துக்குப் போகும் முன் வம்சாவளி வரையப் பழக்கினார்கள். 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் இருந்த ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் உருவாக்கிய முறை அது. பிறகு நீலகிரியில் தோடர்களிடம் அவர் அதையே விரிவாகப் பயன்படுத்தினார். முக்கோணம் ஆண், வட்டம் பெண், சமக்குறி திருமணம், குறுக்குக் கோடு இறப்பு. முதலில் எங்கள் வீட்டாரை வரைந்தோம். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று நமக்குத் தெரிந்ததாலேயே கேள்வி கேட்க மறந்துவிடும் இடங்கள் பல என்பதைப் பேராசிரியர் ஒவ்வொரு தாளிலும் சிவப்பு மையால் சுட்டினார். மறுமணம், சிறுவயதில் இறந்த பிள்ளை, வீட்டைவிட்டுப் போன சித்தப்பா ஆகியோர் எல்லார் வரைபடத்திலும் விடுபட்டிருந்தார்கள்.

எங்கள் களம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் இருளர் குடியிருப்பு. தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவடைந்த பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்ட ஆறு குழுக்களில் இருளரும் ஒருவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் அவர்கள் சுமார் 1.9 லட்சம் பேர். பாம்பு பிடிப்பவர்கள் என்ற ஒற்றை வரியால் வெளியுலகம் அவர்களை அறிந்திருக்கிறது. பாம்புத்தோல் ஏற்றுமதி 1970களில் தடைசெய்யப்பட்ட பின், 1978இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கும் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுக்கும் பணி உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. நாங்கள் தங்கியிருந்த குடியிருப்பில் பெரும்பாலோர் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் சவுக்குத் தோப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள்.

முதல் சில நாட்கள் கேள்வித்தாளை எடுக்கவே கூடாது என்பது பேராசிரியரின் கட்டளை. கூட நடக்க வேண்டும், அவ்வளவே. அறுவடை முடிந்த வயலில் எலி பிடிக்கப் போன பெரியவர் ஒருவருடன் போனோம். வரப்பில் இருந்த வளைகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற வாய்களையெல்லாம் ஈர மண்ணால் அடைத்தார். அடியில் சிறு துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலைத் திணித்துத் தீமூட்டி, பானையின் வாயைத் திறந்திருந்த வளையோடு சேர்த்து அழுத்தி, அடித்துளை வழியே ஊதினார். புகை எந்த இடத்தில் மண்ணைக் கசிந்து வெளிவருகிறது என்பதைக் கண்ணாலேயே தேடி, அங்கும் மண்ணை அப்பினார். பிறகு தோண்டியபோது எலிகளோடு, அவை அறைகளில் சேமித்து வைத்திருந்த நெற்கதிர்களும் வந்தன. கதிர்களைத் தனியாக முடிந்துகொண்டார். வளை எத்திசையில் திரும்பும் என்பதை மண்ணின் ஈரத்தையும் எலி தள்ளிய புது மண்ணையும் வைத்துச் சொல்லிக்கொண்டே தோண்டினார். அன்றிரவு என் குறிப்பேட்டில் நிரம்பிய பக்கங்கள் எந்தக் கேள்வித்தாளாலும் கிடைத்திருக்காதவை.

வம்சாவளி எடுக்கத் தொடங்கியபோது நாங்கள் தங்கியிருந்த வீட்டு அக்காதான் முதலில் உட்கார்ந்தார். குறிப்பேட்டைத் திறந்ததும் அவர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. “பாப்பா, எழுதிக்கோ. ஆனா எழுதுனது எங்க போகும்னு சொல்லிட்டு எழுது.” துறை நூலகத்துக்குப் போகும், பெயர்களை மாற்றிவிடுவோம், வேண்டாம் என்றால் அடித்துவிடுவோம் என்று சொன்னேன். ஒப்புதல் பெறுவது பற்றி வகுப்பில் ஒரு முழு அலகு உண்டு. அந்த அலகின் சாரத்தை அவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருக்கும் பிள்ளைகள் எத்தனை என்ற வழக்கமான கேள்விகளை அவரிடம் அடுத்தடுத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளின் பெயர்களை மட்டும் கேட்டேன். இரண்டு பெயர்களுக்குப் பின் அவர் குரல் தாழ்ந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தேன். மறுநாள் அவராகவே மீதியைச் சொன்னார். தகவல் சேகரிப்பு என்று பாடநூல் சொல்லும் செயலில் இத்தகைய பொறுமைக்கு மதிப்பெண் கிடையாது; ஆனாலும் அதுதான் நம்பத் தகுந்த தகவலைத் தருகிறது.

அந்த அக்காவின் வீட்டில் கூரைச் சட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் பை செருகியிருந்தது. உள்ளே மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், மடித்து மடித்துக் கிழிந்த குடும்ப அட்டையின் பிரதி. மகனுக்குப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கேட்டு நீண்ட காலமாக அலைந்துகொண்டிருந்தார்கள். இச்சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். அதற்கு முன் விசாரணை நடக்கும். உறவினர் யாரிடமாவது சான்றிதழ் இருந்தால் அது முக்கியச் சான்றாகும். இல்லாதவர்களுக்கு வழக்கங்களைப் பற்றிய கேள்விகள்தான் மிஞ்சுகின்றன.

என் ஆய்வேட்டின் தலைப்பை அப்போதுதான் மாற்றினேன். நூலகத்தில் தேடியபோது, 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழங்குடி என்று கோருபவரின் சான்றை ஆராயும்போது அவருடைய மானிடவியல் பண்புகள், தெய்வம், சடங்கு, திருமண முறை, இறந்தோரைப் புதைக்கும் முறை முதலியவற்றை விசாரிக்க வேண்டும் என்று வகுத்திருந்ததைப் படித்தேன். போலிச் சான்றிதழ்களைத் தடுப்பதற்காக எழுந்த நெறிமுறை அது; அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பண்புகள் எவை என்பதை விசாரிப்பவர் பெரும்பாலும் நூல்களிலிருந்துதான் அறிய முடியும். அந்த வரிசையில் முதலில் நிற்பவை தர்ஸ்டனின் தொகுதிகள். நூறாண்டுக்கு முன் ஒருவர் எழுதிய வரிக்கு இன்றைய குடும்பம் பொருந்துகிறதா என்று பார்க்கும் நிலை அப்படித்தான் உருவாகிறது. இத்தகைய பண்புச் சோதனை இறுதியான அளவுகோல் ஆகாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அது கீழ்நிலை அலுவலகங்கள் வரை சென்று சேர வேண்டும்.

ஆய்வேட்டை எழுதும் முறையையே இது மாற்றியது. மாசி மகத்தன்று இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, சேலைகளைக் கொண்டு தற்காலிகக் குடில் அமைத்துத் தங்கி, விடியற்காலையில் கன்னியம்மனை வழிபட்டு, அங்கேயே திருமணங்களையும் நடத்துகிறார்கள். இதை எழுதும்போது “இருளர்கள் கன்னியம்மனை வழிபடுவார்கள்” என்று பொதுவாக முடித்துவிடுவது எளிது. ஆனால் நாங்கள் தங்கிய குடியிருப்பிலேயே முன்பணம் வாங்கிச் சூளைக்குப் போனதால் மாசி மகத்துக்கு வர இயலாத குடும்பங்கள் உண்டு. தேவாலயத்துக்குப் போகும் வீடும் உண்டு. பழங்குடியினர் என்ற தகுதிக்கு மதம் தடையில்லை என்றாலும், என் பொதுவான வாக்கியம் அந்த வீட்டுக்கு எதிராகப் பயன்படக்கூடும். ஆகவே யார், எந்த வீட்டில், எந்த ஆண்டில் என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் குறுக்கி எழுதினேன். வழிகாட்டி ஆசிரியர் முதல் வரைவைப் பார்த்துவிட்டு, நடை தடைப்படுகிறதே என்றார். காரணத்தை விளக்கியதும் அதை முன்னுரையிலேயே எழுதச் சொன்னார். இந்தப் படிப்பில் நான் எழுதியவற்றுள் எனக்கு நிறைவு தரும் பக்கங்கள் அவை.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் வம்சாவளி வரைபடங்களில்தான் அதிக நேரம் செலவிட்டார். அக்காவின் தாய்வழிப் பாட்டனின் தங்கை திருவள்ளூர் பக்கம் திருமணமாகிப் போயிருந்தார். அவருடைய பேரனுக்குச் சான்றிதழ் கிடைத்திருந்தது. பாட்டன் இறந்தபின் இரு குடும்பங்களுக்கும் போக்குவரத்து நின்றுவிட்டதால், அந்த உறவை விண்ணப்பத்தில் யாரும் சேர்த்திருக்கவில்லை. இதை விண்ணப்பத்துக்குப் பயன்படுத்தலாமா என்று தேர்வாளர் கேட்டார். ஆய்வுக்காகச் சொல்லப்பட்டதை வேறு காரியத்துக்குத் தருவதற்கு அவரவர் ஒப்புதல் மீண்டும் வேண்டும் என்று பதில் சொன்னேன்.

தேர்வு முடிந்ததும் குடியிருப்புக்குப் போய், ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் வரைபடத்தை உண்மைப் பெயர்களோடு பெரிய தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அக்காவும் அவர் கணவரும் திருவள்ளூர்ப் பக்கத்து உறவினரைத் தேடிச் சென்று பேசினார்கள்; அவர்கள் சம்மதித்துச் சான்றிதழின் நகலைத் தந்தார்கள். வரைபடத்தையும் நகலையும் இணைத்துப் புதிய விண்ணப்பம் கொடுக்கப்பட்டு, கிராம அளவிலான விசாரணை முடிந்திருக்கிறது. கோட்டாட்சியர் அலுவலகத்தின் முடிவு வர வேண்டும். பக்கத்துக் குடியிருப்பிலிருந்தும் இரண்டு குடும்பங்கள் வரைபடம் கேட்டிருக்கின்றன. இந்த ஆண்டு களப்பணிக்குப் போகும் இளைய மாணவர்களுக்கு வம்சாவளி வரையும் சின்னங்களைக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எழுதுவது எங்கே போகும் என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடும்படியும் சொல்லியிருக்கிறேன்.