தலையாட்டலில் போன வாய்ப்பு

மூன்றாவது கிளையண்ட் இன்டர்வியூவில் ஒருவழியாகத் தேறிவிட்டேன். முந்தைய இரண்டும் கைவிட்டுப் போனது ஜாவா நிரல்மொழி தெரியாமல் அல்ல. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இரண்டு மாதமாகப் பெஞ்சில், அதாவது கம்பெனியில் இருந்தும் புராஜெக்ட் இல்லாமல், இருந்தேன். புராஜெக்டில் எடுக்குமுன் வீடியோவில் இன்டர்வியூ செய்த கிளையண்ட் ஜெர்மனிக்காரர்கள். முதல் இன்டர்வியூவில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். மறுநாள் வந்த மதிப்பீடு: "எங்கோ பார்த்துப் படிக்கிறார்." தூக்கிவாரிப் போட்டது. நான் பார்த்தது அவர்கள் முகத்தைத்தான்! முகங்கள் தெரிந்தது பெரிய மானிட்டரில். கேமரா இருந்ததோ பக்கத்து லேப்டாப்பில். முக்கால் மணி நேரமும் அவர்கள் என் காதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்ததில் லேப்டாப்பையே பார்த்துப் பேசினேன். "இரண்டு நாளில் இதை முடிக்க முடியுமா?" என்றார்கள். வாய் 'யெஸ்' என்றது; தலை இருபுறமும் சாய்ந்தாடியது. நம் ஊரில் அதற்கு 'ஆகட்டும்' என்று பொருள். அவர்களுக்கு அது 'இல்லை' என்பதா, இழுபறியா என்றே புரியவில்லை. திரும்பக் கேட்டபோதாவது நான் சுதாரித்திருக்கலாம். இன்னும் வேகமாக ஆட்டினேன்.

மனிதவளப் பிரிவில் முறையிட்டதற்குச் சனிக்கிழமை உடல்மொழிப் பயிற்சிக்கு நேரில் வரச் சொன்னார்கள். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு இரண்டு பஸ் மாறிப் போனால் அறை பூட்டியிருந்தது. பயிற்சி மதியத்துக்கு மாறிவிட்டதாம். பெஞ்சில் இருப்பவர்களுக்கு மட்டும் மின்னஞ்சல் வரவில்லை. வந்த பயிற்றுநர், "பேச்சில் சொற்களின் பங்கு ஏழே சதவீதம்" என்று தொடங்கினார். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனின் 1967 ஆய்வுகளிலிருந்து கிளம்பிய கணக்கு அது. ஒற்றைச் சொல்லைச் சொல்பவரின் விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எப்படி ஊகிக்கிறார் என்பதோடு அது முடிந்தது. டேட்டாபேஸ் கேள்விக்குப் புன்னகைத்தால் போதுமா? பிறகு இடுப்பில் கைவைத்து நிற்கச் சொன்னார். தன்னம்பிக்கை வருமாம். கம்பீரமாக உடலை விரித்து நின்றால் துணிச்சல் கூடும் என்ற 2010 ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே, அப்படி ஒரு விளைவு இருப்பதாகத் தாம் நம்பவில்லை என்று 2016-இல் சொல்லிவிட்டார். கேமராவை எங்கே வைப்பது என்று கேட்டேன். "அதை சிஸ்டம் ஆட்களிடம் கேளுங்கள்."

கரை சேர்த்தவள் தங்கைதான். அவளைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பத்து நிமிடம் பதிவு செய்து, ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தோம். "பூம்பூம் மாடு தோற்றுவிடும், அண்ணா" என்றாள். வெட்கத்தை விட்டு நீங்களும் இதைச் செய்து பாருங்கள். நான்கு தடித்த புத்தகங்களின் மேல் லேப்டாப்பை ஏற்றிக் கேமராவைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். எதிராளியின் முகத்தைச் சிறிதாக்கிக் கேமராவுக்குக் கீழேயே ஒட்டினாற்போல் வைத்தேன். வேறு திரையைப் பார்க்க நேர்ந்தால், "புரோகிராமைப் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். யோசிக்கும்போதும் அப்படியே, இல்லாவிட்டால் அந்த மௌனத்தில் கூகுளில் தேடுவதாக நினைத்துக்கொள்வார்கள். தலையை மட்டும் கடைசிவரை அடக்க முடியவில்லை. மோவாயைக் கையால் தாங்கிக்கொண்டே பேசினேன்.

"நிதானமாக யோசித்துப் பேசுகிறார்" என்று மதிப்பீடு வந்தது. கூடவே மனிதவளப் பிரிவிலிருந்து இன்னொரு மின்னஞ்சல்: உடல்மொழிப் பயிற்சியின் இரண்டாம் பகுதி, வரும் சனிக்கிழமை, வருகை கட்டாயம்.