ஓஃபிர் ரோட்டு மாதா கோவில்

சிங்கப்பூர் வந்த முதல் ஞாயிறு. லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் ஒரே அறையில் ஆறு பேர் படுத்திருந்தோம். தூத்துக்குடியில் பனிமய மாதா கோவில் மணி கேட்டு எழுந்து பழகியவனுக்கு அந்தக் காலை வெறிச்சென்று இருந்தது. வழி கேட்டுக் கேட்டு ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா கோவிலுக்கு நடந்தே போனேன்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர், "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னதுதான் தாமதம், கையைப் பிடித்துக் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போய்விட்டார். ஈசூனில் ஒரு வீவக வீட்டில் (அரசாங்க அடுக்குமாடி வீட்டில்) எனக்கு நல்ல அறை கிடைத்தது அவர் மூலமாகத்தான். பல்வலிக்கு எங்கே போவது, ஊருக்குப் பணம் எப்படி அனுப்புவது, எல்லாம் அந்தக் கோவில் வாசலில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஊரில் கோவிலுக்குப் போனால் யாரும் என்னை யாரென்று விசாரிக்க மாட்டார்கள். தாத்தா பெயர் வரை தெரியும். இங்கே ஒருவர் விசாரித்ததால் எனக்கு ஒரு வாழ்க்கை அமைந்தது.

1888இல் இந்தக் கோவிலைக் கட்டியதே தமிழ்க் கத்தோலிக்கருக்காகத்தான். இன்று பல மொழிக்காரர்களும் வருகிறார்கள். ஒரு பூசை முடிந்தால் அடுத்த பூசைக்கு இடம் விட வேண்டும். அதில் எனக்குக் குறையே இல்லை, அவர்களிலும் எத்தனையோ பேர் என்னைப்போல் தனியாக வந்தவர்கள்தானே. அறை, வேலை பற்றிய தகவலும் இப்போது வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறது. வாசலில் நின்று பேசுவதுதான் குறைந்துபோனது.

அதன் அருமை 2020இல் கொரோனா வந்தபோது தெரிந்தது. பிப்ரவரியிலேயே பூசைகளை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் தொழிலாளர் விடுதிகளும் அடைபட்டன. துவாஸ் விடுதியில் இருந்த ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன் மாதக்கணக்கில் வெளியே வர முடியாமல் கிடந்தான். "ஃபோன்ல பூசை பாக்குறேன்ணே. முடிஞ்சதும் பேசத்தான் ஆளில்ல" என்றான்.

விக்டோரியா ஸ்ட்ரீட் பக்கம் போனால் சைம்ஸ் வளாகம் கண்ணில் படும். 1983 வரை கன்னியர் மடமும் பள்ளியும் இருந்த இடம். இப்போது அந்தச் சிற்றாலயத்தில் கல்யாணங்கள் நடக்கின்றன, சுற்றிலும் உணவகங்கள். கட்டடத்தை அழகாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். இருந்தாலும் அதைப் பார்க்கும்போது மனசு கனத்துப் போகும்.

பூசை முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பேர் இன்னும் அதே காப்பிக்கடையில்தான் உட்காருகிறோம். புதுமுகம் யாரையாவது கண்டால் கூப்பிட்டு உட்கார வைப்போம். போன வாரம் துவாஸ் தம்பி வரவில்லை. காலையிலேயே ஃபோன் செய்தான்: "இன்னைக்கு ஓவர்டைம் போட்டுட்டாங்கண்ணே. எனக்கும் சேத்து ஒரு மெழுகுவத்தி ஏத்திருங்க."